செம்பனைக் குலைக்கு ஒரு முகவரி

மலாக்கா மாநிலத்தின் ஜாசின் மாவட்டத்தில் வெட்டிய ஒரு செம்பனைக் குலை ஐரோப்பியக் கடையில் எண்ணெயாகப் போய்ச் சேர, வழியில் மூன்று கேள்விகளுக்குப் பதில் சொல்லியாக வேண்டும். அது விளைந்த நிலத்துக்கு மலேசிய செம்பனை எண்ணெய் வாரியத்தின் உரிமம் உண்டா? எம்.எஸ்.பி.ஓ. எனப்படும் தேசிய நிலைத்தன்மைச் சான்றிதழ் உண்டா? அந்த நிலம் பூமியில் சரியாக எங்கே இருக்கிறது? முதல் இரண்டும் நம் ஊர் அரசாங்கம் கேட்பவை. மூன்றாவது கேள்வி பிரஸ்ஸல்ஸிலிருந்து வருகிறது.

ஐரோப்பிய ஒன்றியத்தின் காடழிப்புத் தடுப்புச் சட்டம் 2023 ஜூன் 29 அன்று நடைமுறைக்கு வந்தது. மாடு, கொக்கோ, காப்பி, செம்பனை, ரப்பர், சோயா, மரம் என ஏழு பொருள்கள் அதில் அடக்கம். 2020 டிசம்பர் 31க்குப் பிறகு காட்டை அழித்து உண்டாக்கிய நிலத்தில் விளைந்த எதையும் ஐரோப்பாவுக்குள் விற்கக் கூடாது. அதை மெய்ப்பிக்க, விளைந்த நிலத்தின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் ஆறு தசம இலக்கம் வரை வேண்டும். நிலம் 4 ஹெக்டருக்கு மேல் இருந்தால் எல்லைக்கோடு முழுவதையும் வரைந்து தர வேண்டும். ஆறாவது தசம இலக்கம் என்பது தரையில் ஏறத்தாழ 11 சென்டிமீட்டர். ஒரு செம்பனையின் அடித்தண்டே அதைவிடப் பருமன். 2024 முடிவில் கட்டாயமாகியிருக்க வேண்டிய விதிகள் இரண்டு முறை தள்ளிப் போயின. இப்போதைய தேதிப்படி பெரிய நிறுவனங்களுக்கு 2026 டிசம்பர், சிறியவற்றுக்கு 2027 ஜூன். தேதி தள்ளினாலும் வேலை தள்ளவில்லை. தோட்ட நிறுவனங்களும் ஆலைகளும் வாரியங்களும் நிலத்தைப் புள்ளியாகவும் கோடாகவும் மாற்றும் பணியில் இறங்கிவிட்டன.

இந்த மாற்றம் மலாக்காத் தமிழரை எங்கே வைக்கிறது? புதிய இலக்கவியல் கணக்கு நிலத்தைச் சுற்றிக் கட்டப்படுகிறது. மலாக்காத் தோட்டத் தமிழரின் வரலாறோ, சொந்த நிலம் இல்லாமல் பிறர் நிலத்தில் உழைத்த வரலாறு. இந்த இரண்டும் மோதும் இடத்தைத்தான் பார்க்க வேண்டும்.

மலாயாவின் முதல் ரப்பர் தோட்டம் மலாக்காவில்தான் உருவானது. சிங்கப்பூர் தாவரத் தோட்டத்தின் ஹென்றி ரிட்லி, ரப்பர் விதையைப் பையில் போட்டுக்கொண்டு தோட்ட முதலாளிகளைத் துரத்தித் துரத்திப் பேசிய காலம் அது. 'பைத்தியக்கார ரிட்லி' என்ற பட்டப்பெயர் அவருக்கு அப்படித்தான் வந்தது. அவர் பேச்சை நம்பி 1896இல் புக்கிட் லிந்தாங்கில் சுமார் 40 ஏக்கரில் கன்று நட்டவர் மலாக்கா பெரனாக்கான் சீனரான டான் சாய் யான். மரவள்ளி பயிரிட்டுச் சலித்துப்போன மண்ணில் ரப்பர் பிடித்துக்கொண்டது. பிறகு புக்கிட் அசகானில் அவர் பெரிய அளவில் பயிரிட்டு, 1906இல் அதை 20 லட்சம் டாலருக்கு பிரிட்டிஷ் முதலீட்டாளர்களின் கம்பெனி ஒன்றுக்கு விற்றார். அதற்கு அடுத்த ஆண்டுகளில் கூனோங் லேடாங் அடிவாரம் வரை பால் மரம் பரவியது. தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து கங்காணிகள் ஆள் கூட்டி வந்தார்கள். 1910இல் ஒப்பந்தக் கூலி முறை ஒழிந்தது. 1938இல் இந்திய அரசு ஆள் அனுப்புவதையே நிறுத்தியது. அதற்குள் தோட்டத்தில் ஒரு சமூகம் உருவாகிவிட்டது. புக்கிட் லிந்தாங்கில் தமிழ்ப்பள்ளி இன்றும் இருக்கிறது.

அந்தச் சமூகத்தைத் தோட்ட நிர்வாகம் அறிந்துவைத்திருந்த விதம் செக்ரோல் என்ற வருகைப் பேரேடு. விடியுமுன் பெரட்டுக் களத்தில் பெயர் கூப்பிடுவார்கள். இன்னார் வந்தார், இன்ன நிரையில் வெட்டினார், இத்தனை பவுண்டு பால் கொண்டுவந்தார், ஒட்டுப்பால் இவ்வளவு என்று கணக்கு எழுதும் கிராணியின் பேரேடு சொல்லும். அது கொடுமையான பேரேடு. கடனையும் அபராதத்தையும் அதுவே சுமந்தது. ஆனாலும் அதன் ஒவ்வொரு வரியும் ஒரு மனிதரின் பெயரில் தொடங்கியது. நிலத்தின் அளவு எங்கோ கம்பெனி வரைபடத்தில் தூங்கியது. நாள்தோறும் எண்ணப்பட்டது ஆள்.

இலக்கவியல் தொழில்நுட்பம் மலாக்காத் தோட்டத்தை முதலில் தொட்டது செயலியாகவோ ட்ரோனாகவோ அல்ல, தொழிற்சாலை பஸ்ஸாக. 1971இன் சுதந்திர வர்த்தக வலயச் சட்டத்துக்குப் பின், பத்து பெரண்டாமில் மின்னணு ஆலைகள் எழுந்தன. சீமென்ஸ் 1973இல் தொடங்கிய ஆலைதான் இன்றைய இன்பினியான். நேஷனல் செமிகண்டக்டர் ஆலை 2011இல் டெக்ஸாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் கைக்கு மாறியது. தோட்டத்துப் பெண் பிள்ளைகள் உளியையும் வாளியையும் விட்டுவிட்டு, விடியற்காலை ஆலை பஸ்ஸில் ஏறிப் போய் நுண்ணோக்கியில் கண் பதித்துச் சிப்புக்குத் தங்கக் கம்பி ஒட்டினார்கள். சிப்பின் உலக வரலாற்றில் இது ஒரு அடிக்குறிப்பாகக்கூட வருவதில்லை. தோட்டத்தின் வரலாற்றிலோ இது பெரிய திருப்பம். ரப்பரிலிருந்து செம்பனைக்கு மாறியதில் ஆள் தேவை ஏற்கெனவே சுருங்கியிருந்தது. பால் மரத்துக்குத் தேவைப்பட்ட ஆள் கணக்கில் பாதிகூடச் செம்பனைக்கு வேண்டாம். எஞ்சிய வேலைக்கு இளையவர்கள் திரும்பி வரவில்லை. அந்த இடத்தை இந்தோனேசியரும் வங்காளதேசத்தினரும் நிரப்பினார்கள். நகரங்கள் விரிந்தபோது சில தோட்டங்கள் வீடமைப்புத் திட்டங்களாயின. இடம் மாறிய தமிழ்ப்பள்ளிகள் பெயரில் மட்டும் தோட்டம் என்று பொருள்படும் 'லாடாங்' என்ற சொல்லைச் சுமந்து நிற்கின்றன.

ஆக, தோட்டத்துக்குள் தொழில்நுட்பம் தீவிரமாக நுழைந்த வேளையில், தமிழர் அங்கே வெட்டுபவராக இருப்பது அருகிப்போயிருந்தது. மேற்பார்வை பார்க்கும் மண்டோர், கிராணி, டிராக்டர் ஓட்டுநர், எடைமேடைக் குமாஸ்தா, ஆலைத் தொழில்நுட்பர் என்ற இடைநிலை வேலைகளில்தான் அதிகம். செயலிகள் முதலில் கைவைப்பதும் இந்த இடைநிலையில்தான். தோட்டத்துக்கு வெளியே இருந்து பேசுகிறவர்கள் இதைக் கவனிப்பதே இல்லை.

ஒரு பெருந்தோட்டத்தின் அறுவடைக் கணக்கை எடுத்துக்கொள்வோம். வெட்டுபவர் பத்துப் பதினைந்து நாளுக்கு ஒருமுறை அதே நிரைக்குத் திரும்புகிறார். நீளக் கம்பு நுனியில் அரிவாள். மட்டையை அறுத்து, குலையை விழத்தட்டி, பாதையோர மேடைக்குக் கொண்டுவந்து அடுக்குகிறார். உதிரிப் பழத்தைச் சாக்கில் பொறுக்குகிறார். முன்பு மண்டோர் அதை எண்ணி நோட்டில் குறிப்பார். மாலையில் கிராணி அதைச் செக்ரோலில் ஏற்றுவார். இரு கைக்கிடையில் எண் மாறுவதும் உண்டு, மாற்றப்படுவதும் உண்டு. இப்போது பல தோட்டங்களில் மண்டோர் கையில் கைப்பேசி இருக்கிறது. வெட்டியவரின் குறியீட்டைத் தட்டி, பழுத்தது எத்தனை, காய் எத்தனை, நீள்காம்பு எத்தனை என்று பதிகிறார். நேரத்தையும் இடத்தையும் கருவியே குறித்துக்கொள்கிறது. கிராணியின் மாலை வேலை காணாமல் போகிறது. வெட்டுபவருக்கு இதில் ஒரு நன்மை உண்டு: தன் குலை இன்னொருவர் கணக்கில் ஏறினால் தடம் பிடிக்கலாம். காய்வெட்டு அபராதம் விழுந்தால் பதிவைக் கேட்கலாம். கேட்கத் தெரிந்தவருக்கு அது நன்மை.

ட்ரோன் வந்தது மர எண்ணிக்கைக்காக. ஒரு ஹெக்டருக்கு 136 முதல் 148 மரம் வரை நடுவது வழக்கம்; எத்தனை நிற்கிறது, எத்தனை பட்டது என்று ஆள் நடந்து எண்ண நாள் கணக்கில் ஆகும். மேலிருந்து எடுத்த படத்தில் மென்பொருள் அதைச் சீக்கிரம் எண்ணித் தருகிறது. உரம் வாங்குவதும் இடைவெளியில் கன்று நடுவதும் அந்த எண்ணை வைத்தே நடக்கின்றன. மருந்து தெளிக்கும் ட்ரோனும் வந்துவிட்டது. அதைப் பறக்கவிட விமானப் போக்குவரத்து ஆணையத்தின் அனுமதி வேண்டும். இவை புதிய வேலைகள், பயிற்சி கேட்பவை. டுரியான் துங்காலில் மலாக்கா மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகம், யூடெம், இருக்கிறது. யூ.ஐ.டி.எம். பல்கலைக்கழகத்தின் ஜாசின் வளாகம் மெர்லிமாவில் தோட்டத்துறைப் பாடமே நடத்துகிறது; ஆனால் அது பூமிபுத்ரா மாணவர்களுக்கானது. நான்கு தலைமுறை தோட்டத்தில் கழித்த குடும்பத்துப் பையனுக்கு, தோட்டத்துறைப் பட்டம் பக்கத்து ஊரில் இருந்தும் எட்டாது. இதைச் சொல்வதில் தயங்க ஒன்றும் இல்லை.

சிக்னல் விஷயம் சின்னதாகத் தெரியும், அப்படியல்ல. 2020இல் அரசாங்கம் தொடங்கிய ஜென்டேலா திட்டம், மக்கள் வாழும் பகுதிகளை 4ஜி சேவையால் நிரப்புவதை இலக்காக வைத்தது. செம்பனைக் காட்டுக்குள் மக்கள் வாழ்வதில்லை. அடர்ந்த மட்டைக் கூரைக்குக் கீழே கைப்பேசி திக்கற்றுப் போகிறது. எனவே தரவு கருவிக்குள்ளேயே தங்கி, அலுவலகம் திரும்பிய பிறகுதான் ஏறுகிறது. உடனுக்குடன் தெரியும் தோட்டம் என்று விளம்பரங்கள் காட்டுவது பெரும்பாலும் மாலை ஆறு மணிக்குத் தெரியும் தோட்டம்தான்.

தோட்டத்தை விட்டு வெளியே வந்து, இரண்டு மூன்று ஏக்கர் வைத்திருக்கும் சிறுதோட்டக்காரரிடம் போனால் கதை மாறுகிறது. மலாக்காவில் அப்படிப்பட்டவர் பெரும்பாலும் மலாய்க்காரர், சீனர். தமிழரும் சிலர் உண்டு. 40.46 ஹெக்டருக்குக் குறைவாக வைத்திருந்தால் சிறுதோட்டக்காரர் என்பது செம்பனை எண்ணெய் வாரியத்தின் வரையறை. குலையை விற்க உரிமம் வேண்டும். உரிமம் இல்லாதவரிடம் வாங்கினால் வாங்குபவருக்கும் சிக்கல். விற்பனையைத் தாள் ரசீதிலிருந்து கைப்பேசிக்கு மாற்ற வாரியம் 'சிம்ஸ்' என்ற முறையைக் கொண்டுவந்திருக்கிறது. சிறுதோட்டங்களைக் கூட்டாகச் சான்றிதழுக்குக் கொண்டுபோகும் குழுக்களையும் அமைத்திருக்கிறது. 2020 ஜனவரி முதல் எம்.எஸ்.பி.ஓ. கட்டாயம் என்பதால் இது விருப்பத்தேர்வும் அல்ல.

விலை எப்படி வருகிறது என்று பார்த்தால்தான் தொழில்நுட்பம் எங்கே உதவுகிறது, எங்கே கைவிடுகிறது என்பது விளங்கும். குலைக்கு ஒரே விலை கிடையாது. குலையில் உள்ள எண்ணெயில் ஒவ்வொரு சதவீதத்துக்கும் இவ்வளவு ரிங்கிட் என்று வாரியம் வட்டாரவாரியாகக் குறிப்பு விலை வெளியிடுகிறது. அதைக் குலையின் எண்ணெய்ச் சதவீதத்தால் பெருக்கினால் டன் விலை. ஒரு சதவீதம் 40 ரிங்கிட் என்று வைத்துக்கொள்வோம். உங்கள் குலை 20 சதவீதம் எண்ணெய் தரும் என்று ஒப்புக்கொண்டால் டன்னுக்கு 800 ரிங்கிட். 18 என்று சொன்னால் 720. ஐந்து ஏக்கர்க்காரர் ஆண்டுக்கு முப்பது டன் வெட்டினால், அந்த இரண்டு சதவீதம் 2,400 ரிங்கிட். குறைந்தபட்ச ஊதியம் 2025 பிப்ரவரி முதல் மாதம் 1,700 ரிங்கிட் என்பதை நினைத்தால், இது கிட்டத்தட்ட ஒன்றரை மாதக் கூலி.

குறிப்பு விலையைக் கைப்பேசியில் யாரும் பார்க்கலாம். வாட்ஸ்அப் குழுக்களில் காலை விலை சுற்றி வருகிறது. முன்பு பலருக்கும் இது தரகர் சொல்லித்தான் தெரியும். இந்த மாற்றம் மெய்யானது. ஆனால் எண்ணெய்ச் சதவீதத்தை யார் அளக்கிறார்கள்? மரத்தின் வயது, குலையின் முதிர்ச்சி, காம்பின் நீளம், அழுகல் இவற்றைக் கண்ணால் பார்த்துத் தரம் பிரிக்க வாரியத்தின் கையேடு இருக்கிறது. குலை வாங்கும் மையத்தில் லாரியிலிருந்து கொட்டிய குவியலை ஒருவர் பார்க்கிறார், ஒரு எண் சொல்கிறார். அங்கே கைப்பேசிக்கு வேலை இல்லை. தகவல் தரகரின் ஒரு கையைத் திறந்து காட்டிவிட்டது, மறு கை இன்னும் மூடித்தான் இருக்கிறது.

ரப்பரில் இதே கதை இன்னும் கூர்மையாக இருக்கிறது. கட்டிப்பாலில் உலர்ந்த ரப்பர் எத்தனை சதவீதம், தண்ணீர் எத்தனை சதவீதம் என்பது வாங்குபவர் கணிப்பு. மலேசிய ரப்பர் வாரியம் விற்பனையை 'ரிம்நியாகா' என்ற இலக்கவியல் முறையில் பதியச் செய்கிறது. பாட்-ஜி என்ற அட்டை இல்லாமல் ரப்பர் விற்க முடியாது. விலை வீழ்ந்தால் அரசாங்கம் கொடுக்கும் உற்பத்தி ஊக்கத்தொகையும் அந்தப் பதிவின் வழியே வருகிறது. அந்தத் தொகைக்கான வாசல் விலை 2024இல் கிலோவுக்கு 2.70 ரிங்கிட்டிலிருந்து 3 ரிங்கிட்டாக உயர்ந்தது. 50 சதவீதம் உலர் ரப்பர் உள்ள கட்டிப்பாலுக்கு அந்தக் கணக்கு. ரசீதில் எடை துல்லியமாக ஏறுகிறது, அடையாளம் துல்லியமாக ஏறுகிறது, சதவீதம் மட்டும் ஒருவர் நாவிலிருந்து ஏறுகிறது.

பழைய மலாக்காவில் விலை எப்படித் தீர்ந்தது என்பதைப் போர்த்துகீசிய மருந்தாளர் தொமே பிரெஸ் 1512க்கும் 1515க்கும் இடையில் எழுதிவைத்தார். கப்பல் வந்ததும் சரக்கு உடையவரோடு பத்து இருபது வணிகர்கள் கூடி உட்கார்ந்து, பேசி, விலை தீர்த்து, சரக்கைத் தங்களுக்குள் பங்கிட்டுக்கொள்வார்கள். அந்தக் கூட்டத்தில் கிலிங் என்று அழைக்கப்பட்ட தமிழ் வணிகர்கள் செல்வாக்குள்ளவர்கள். அவர்களில் ஒருவரான நைனா சாத்துவைப் போர்த்துகீசியர் பெண்டஹாரா என்ற உயர் பதவியிலேயே அமர்த்தினார்கள். அந்தக் காலத்தை நான் போற்றிப் பாட வரவில்லை. வணிகர் கூட்டத்தில் உழவர் அன்றும் இல்லை. ஆனால் தரத்தைச் சொல்பவரும் அதை மறுப்பவரும் சரக்கு கண்ணெதிரே கிடக்க ஒரே பாயில் உட்கார்ந்தார்கள். இன்று மறுக்க விரும்பும் சிறுதோட்டக்காரரிடம் மறுக்க ஆதாரம் இல்லை. குலையின் முதிர்ச்சியை ஒளியால் அளக்கும் உணரிகளைப் பற்றி மலேசியப் பல்கலைக்கழகங்கள் ஆண்டுக்கணக்கில் ஆய்வுக் கட்டுரைகள் வெளியிடுகின்றன. அவை வாங்கும் மையத்தின் மேசைக்கு வழக்கமான கருவியாக இன்னும் வரவில்லை. நில அளவைக்கு வந்த அவசரம் இதற்கு வரவில்லை. நிலத்தின் புள்ளியைக் கேட்பவர் வாங்குபவர், அவரிடம் பணமும் சட்டமும் உண்டு. எண்ணெயின் அளவைக் கேட்பவர் விற்பவர்.

புள்ளிகளை நம்பி எழுப்பும் இந்தக் கட்டடத்தில் ஓட்டையும் உண்டு. வெட்டிய குலை 24 மணி நேரத்துக்குள் ஆலை சேர வேண்டும். தாமதித்தால் தனிநிலைக் கொழுப்பு அமிலம் ஏறி எண்ணெய் கெடும். அதனால் பல சிறுதோட்டங்களின் குலைகள் ஒரே லாரியில் கலந்து அவசரமாக ஓடுகின்றன. கலந்த பிறகு எந்தக் குலை எந்தப் புள்ளி என்பதைச் சொல்வது ரசீது ஒன்றுதான். ரப்பரில் நிலைமை இன்னும் மோசம். 1988இல் 16 லட்சம் டன்னுக்கு மேல் உற்பத்தி செய்த மலேசியா, 2023இல் 3.5 லட்சம் டன் அளவுக்கு இறங்கிவிட்டது. ஆலைகளும் கையுறைத் தொழிலும் தாய்லாந்திலிருந்தும் ஐவரி கோஸ்டிலிருந்தும் வரும் ரப்பரை நம்பி ஓடுகின்றன. மலாக்காவின் இரண்டு ஏக்கர் பால் மரத்தை 11 சென்டிமீட்டர் துல்லியத்தில் குறித்துவைத்தாலும், அது எங்கோ கடல் கடந்து வந்த கட்டிப்பாலோடு ஒரே ஆலையில் சேர்கிறது.

மனிதரைப் பற்றி இந்தத் தரவு என்ன சொல்கிறது? ஒரு பாடம் கண்முன்னே இருக்கிறது. சைம் டார்பி பிளாண்டேஷன் நிறுவனத்துக்கு ஜாசினில் டயமண்ட் ஜூபிலி தோட்டமும் ஆலையும் உண்டு. 2024இல் அந்த நிறுவனம் எஸ்டி கத்ரி எனப் பெயர் மாறியது. 2019இல் அது 'கிராஸ்செக்' என்ற இணையக் கருவியை வெளியிட்டு, தன் எண்ணெய் எந்த ஆலையிலிருந்து வருகிறது என்பதை யாரும் பார்க்கும்படி வைத்தது. தொழிலில் அது முன்னோடி வேலை. அடுத்த ஆண்டு டிசம்பரில் அமெரிக்கச் சுங்கத்துறை அதே நிறுவனத்தின் எண்ணெய்க்குத் தடை விதித்தது. காரணம் கட்டாய உழைப்பு பற்றிய சந்தேகம். 2022 ஜனவரியில் அதை உறுதிசெய்தது. நிறுவனம் ஆள்சேர்ப்புக் கட்டணத்தைத் தொழிலாளர்களுக்குத் திருப்பிக் கொடுத்து, நிர்வாகத்தைச் சீர்செய்த பிறகு 2023 பிப்ரவரியில் தடை நீங்கியது. எண்ணெயின் ஊர் வரைபடத்தில் தெரிந்தது. அந்தக் குலையை வெட்டியவர் தன் ஊரில் தரகருக்குப் பட்ட கடன் அந்த வரைபடத்தில் தெரியவில்லை. கங்காணிக் காலத்துப் பேத்திகளுக்கு இந்தக் கடனின் கதை புதிதல்ல.

நிலத்தின் கேள்விக்குத் தமிழர் தரப்பிலிருந்து ஒரு பழைய விடை இருக்கிறது. 1950களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டத்தைத் துண்டுபோட்டு விற்றபோது, பாட்டாளிகள் தெருவுக்கு வந்தார்கள். துன் வீ. தி. சம்பந்தன் 1960இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, பாட்டாளிகளிடம் மாதத் தவணையில் பங்குப் பணம் திரட்டித் தோட்டங்களை வாங்கினார். முதல் தோட்டம் கெடாவில் புக்கிட் சீடிம். இன்றைய கணினி மொழியில் சொன்னால், பங்குதாரரான பால்வெட்டுத் தொழிலாளிக்கும் ஒரு நிலப் புள்ளியில் பங்கு உண்டு. ஆனால் அது விதிவிலக்கு. லயத்து வீட்டின் பின்னால் கீரை போட்டவருக்கும், தோட்டத்து ஓரத்தில் மாடு கட்டியவருக்கும் நில ஆவணம் இல்லை. மாடு வளர்ப்போரின் இந்தச் சிக்கலை மலேசிய சோசலிசக் கட்சி சில ஆண்டுகளாக எழுப்பி வருகிறது. பட்டா இல்லாதவர் பதிவு செய்ய முடியாது. பதிவு இல்லாதவருக்கு மானியம் இல்லை, சான்றிதழ் இல்லை. செயலி புதிதாக அநியாயம் செய்யவில்லை. பழைய அநியாயத்தைக் கட்டாயப் படிவமாக்கியிருக்கிறது, அவ்வளவுதான்.

இதற்கு மாறான ஒன்றும் இதே மாநிலத்தில் நடக்கிறது என்பதால் அதையும் சொல்லிவிட வேண்டும். ரப்பர் வாரியத்தின் பாட்-ஜி அட்டை நிலத்துக்காரருக்கு மட்டும் உரியதல்ல. பிறர் மரத்தில் பங்குக்கு வெட்டுபவரும் அதைப் பெறலாம். தோட்டத்தை விட்டு அலோர் காஜா, செலண்டார் பக்கம் குடிவந்து, ஒரு மலாய்க்காரர் தோப்பிலோ சீனர் தோப்பிலோ விடியலில் உளி பிடிக்கும் வயதான தமிழருக்கு, அரசாங்கக் கணினியில் தொழிலாளியாகத் தன் பெயரிலேயே ஒரு வரி கிடைக்கிறது; செக்ரோலுக்குப் பிறகு முதல் முறையாக. விண்ணப்பத்தோடு நிலத்துக்காரரின் ஒப்புதல் கையெழுத்தைச் சேர்க்க வேண்டும்.